இருபது நிமிடத் தாமதம்

எனக்கு அறுபது வயது முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நான் ஆறடிக்கு எட்டடி அளவுள்ள ஒரு பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை போட ஆள் இல்லை, ஆசீர்வாதம் கேட்டுக் காலில் விழ ஆள் இல்லை. ஆதார் அட்டைப்படி எனக்கு அப்போது ஐம்பத்தாறுதான். அதனால் வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை. நானே நான்கு வருஷம் கழித்து உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்தேன்.

இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. கேட்கிறவர்கள் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லிவிடுவது என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் வெள்ளியங்கிரி. கோயமுத்தூரில் பம்புசெட் செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன். அதில் பாதிக்கு மேல் டெஸ்டிங் செக்‌ஷனில் போனது. நாற்பது மோட்டார்கள் ஒரே கூரைக்கு அடியில் ஓடும். பக்கத்தில் நிற்பவனிடம்கூடத் தொண்டை கிழியக் கத்தித்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கத்துவேன். குழம்பில் உப்பு குறைவு என்பதைத் தெருமுனைவரை கேட்கிற மாதிரிதான் சொல்வேன். என் மனைவி பூங்கொடியும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். மகள் மிருதுளா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பாவம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்த பிள்ளை.

எனக்கு நாற்பத்தைந்து வயதானபோது கம்பெனியில் லீவு நாட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். யூனியன் சண்டைக்குப் போனது. அதற்கு நிர்வாகம் கொடுத்த பதில்தான் பெட்டி. லீவு எதற்குக் கேட்கிறீர்கள், ஓய்வுக்குத்தானே, அந்த ஓய்வை வேலை கெடாமல் நாங்களே தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். காந்திபுரத்தில் ஒரு பழைய கடை வளாகத்தின் மூன்றாவது மாடியில் புதிதாகத் திறந்திருந்த ‘நிதானம்’ மையத்தில் எங்கள் எல்லாருக்கும் அட்டை எடுத்துத் தந்தார்கள்.

முதல் நாள் என்னை உள்ளே அனுப்பியது ஜெசிந்தா என்கிற பெண். வேலைக்குச் சேர்ந்த புதிது போல, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் டீ தம்ளரை வைத்துக்கொண்டே எனக்கு விளக்கம் சொன்னாள்.

“செருப்பை வெளிய விட்ருங்க சார். உள்ள நீங்க ஒரு மணி நேரம் இருந்தீங்கன்னா வெளிய எங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.”

“அதெப்பிடிம்மா?”

“உள்ள காலம் வேகமா ஓடுது. அதுக்கு மேல கேட்டீங்கன்னா எனக்கே தெரியாது. மெஷின் பண்ணினவங்க சொன்னதைச் சொல்றேன்.”

“அப்ப வயசு?”

“அது கூடத்தான் செய்யும். உடம்புக்கு உள்ள வெளியன்னு தெரியாதுங்களே. ஒரு மணி நேரம் இருந்தா ஒரு மணி நேரம் வயசாகும். வாரத்துக்கு ஒரு மணி நேரம்னா வருஷத்துக்கு மொத்தமே ரெண்டு நாள் சார். இதென்ன பெரிய விஷயம்.”

உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, குடிதண்ணீர், மூலையில் சின்னதாக ஒரு கழிப்பறை. போன் வேலை செய்யாது. கதவு மூடியதும் முதலில் எனக்குப் பயமாகிவிட்டது. என் மூச்சு எனக்கே கேட்டது. காது அடைத்துப்போச்சோ என்று விரலைச் சொடக்கிப் பார்த்தேன். பத்து நிமிஷம் போனதும் அழுகை வந்தது. எந்தக் கவலைக்காகவும் இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு பத்து நிமிஷம் அதுதான். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து வெளியே வந்தால் ஜெசிந்தாவின் டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் உப்பு குறைந்த ரசத்தைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். பூங்கொடி என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சலா இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது ஆறு மாதம்தான் நின்றது. பிறகு தினமும் ஒரு மணி நேரம். பிறகு மூன்று. மூன்றாவது வருஷம் முடிவதற்குள் தினமும் பத்து மணி நேரம் என்று ஆகிவிட்டது. வெளியே அது இருபது நிமிஷம். ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் பெட்டிக்குள் போய் ஆற அமரத் தூங்குவேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை அரை மணி நேரம் உரிப்பேன். நார் நாராக எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொரு சுளையாகத் தின்பேன். அந்த ருசியை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஒரு மனுஷனுக்கு அது வேண்டும். வேண்டாம் என்கிறவன் நாற்பது மோட்டாருக்கு நடுவில் நின்று பார்த்தவனாக இருக்க மாட்டான்.

வீட்டில் கேட்டால் சிக்னல் என்பேன். இருபது நிமிஷத்துக்கு எங்கள் ஊரில் யாரும் அதற்கு மேல் காரணம் கேட்பதில்லை. பெட்டிக்குப் போகிறேன் என்பதை மறைக்கவில்லை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பொய்யில் பாதியை உண்மையாக வைத்துக்கொண்டால் நாக்கு கூசாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் கூப்பிடுவார். தண்ணீர் என்பார், வெளிச்சம் என்பார், ஒன்றும் இல்லாவிட்டாலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகக் கூப்பிடுவார். போய் நிற்பவள் பூங்கொடி. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தொடர்ந்தாற்போல் தூங்கினால் அவளுக்கு அது பெரிய விஷயம். ஆள் வைத்துப் பார்த்தோம், அப்பாவின் வாய்க்கு ஒருத்தரும் மாதம் தாண்டவில்லை.

தூக்கமில்லாதவள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். பாத்திரம் ணங் ணங்கென்று விழும். வந்தவர் போனவரிடம் வெடுக்கென்று பேசுவாள். சொந்தபந்தத்தில் எல்லாருக்கும் இதே பேச்சு. வெள்ளியங்கிரி தங்கமான மனுஷன், கோபமே வராது, பெத்த அப்பன் அப்படிக் கிடக்கிறபோதும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, அவளுக்குத்தான் நாக்கு நீளம் என்பார்கள். என் முன்னாலேயே சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பேன். நான் அன்றைக்குப் பத்து மணி நேரம் தூங்கி எழுந்து வந்தவன். அவள் மூன்று நாளாகத் தூங்காதவள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் தலை வேகமாக நரைத்தது. முட்டி வலி வந்தது. படிக்கிற கண்ணாடி இரண்டு தரம் மாறியது. பட்டறை வேலை உங்களைத் தின்னுதுங்க என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை தோறும் பூங்கொடி எனக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பாள். எலும்பில் ஒட்டியதை அவள் சாப்பிட்டுக்கொள்வாள். நான் சூப்பைக் குடித்தேன்.

இதற்குள் நாட்டில் பெட்டி எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. வந்ததும் நம் ஆட்கள் நம் ஆட்களுக்கே உரிய சண்டையை ஆரம்பித்தார்கள். கல்யாண விளம்பரத்தில் ‘பெட்டிப் பழக்கம் இல்லாத மணமகன் தேவை’ என்று போட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் நேரத்தில் சனி திசை ஓடுமா, நிற்குமா என்று ஜோசியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து டிவியில் அடித்துக்கொண்டார்கள். சம்பந்தம் பேசப் போனால் ஜாதகத்தோடு ‘உடல் வயதுச் சான்று’ ஒன்றையும் தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நான் பத்திரிகையில் இதையெல்லாம் படித்துப் பூங்கொடியோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா காலமானார். போன கார்த்திகையில் மிருதுளா பெங்களூரிலிருந்து போன் செய்தாள். தை மாதம் எனக்கு அறுபது முடிகிறது, அறுபதாம் கல்யாணம் செய்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கோயிலுக்குக்கூடத் தேதி கேட்டுவிட்டாளாம்.

“ஒரே ஒரு பேப்பர்தாம்ப்பா குறையுது. உடல் வயசுச் சான்று கேக்கறாங்க.”

“இதுக்கெதுக்கு அது? கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கறோம்?”

“அறுபது உடம்புக்குத்தான் முடியுது, காலண்டருக்கு இல்லைன்னு குருக்கள் எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்களாம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நீங்க வாரத்துக்கு ஒரு மணி நேரம்தானே போனீங்க, ஒரு மாசம் முன்னப்பின்ன இருக்கும். அதுக்கேத்த மாதிரி தேதியை மாத்தி வெச்சுக்கலாம்.”

“பாக்கறேன் கண்ணு” என்றேன்.

மறுநாள் ஜெசிந்தாவிடம் போனேன். இப்போது அவள்தான் அந்த மையத்துக்கு மேனேஜர். பதினைந்து வருஷமாக என்னைத் தினமும் பார்க்கிறவள். விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அஞ்சு வருஷம் எட்டு மாதம் என்று இருந்தது. காலண்டரில் ஐம்பத்தொன்பதே முக்கால், உடம்புக்கு அறுபத்தஞ்சரை. அதிகம் என்று தெரியும், இவ்வளவு என்று தெரியாது. இல்லை, அதுவும் பொய். தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

“ஜெசிந்தா, இதுல ஒரு மாசம்னு மட்டும் போட்டுக் குடுக்க முடியுமா? என் பொண்ணு ஆசையா ஏற்பாடு பண்றா.”

“சார், அப்பிடிக் குடுத்தா எனக்கு வேலை போயிரும்.”

“ஒரு வயசான மனுஷன் கேக்கறேன்.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை.

“நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க வீட்டம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவுமே தெரியாதா?”

“தெரியாது.”

“அவங்களும் ஒருதடவை மனு போட்டாங்களே. நான்தான் உங்களுக்கு அனுப்பி வெச்சேன். அன்னிக்காவது நீங்க பேசிருப்பீங்கன்னு நெனைச்சேன்.”

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

இதுவரை சொன்னது எப்படியோ வாயில் வந்துவிட்டது. இந்த மனு விஷயத்தை மட்டும் முதலிலிருந்தே எங்கே வைத்துச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ள இடமில்லை.

கம்பெனி அட்டையில் மனைவியும் பெட்டிக்குப் போகலாம். அட்டைக்காரர் போனில் ஒப்புதல் தந்தால் போதும். ஏழு வருஷத்துக்கு முன்னால், அப்பா படுத்து ஐந்தாவது வருஷம், நான் கேன்டீனில் டீக்கு நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு மனு வந்தது. பெயர் பூங்கொடி. நேரம் என்ற இடத்தில் ஒரு மணி என்று போட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில் ‘தூங்க’ என்று எழுதியிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அவள் கேட்டது வெளியே இரண்டு நிமிஷம். அப்பா இரண்டு தரம் கூப்பிடுவதற்குள் போய்த் தூங்கி எழுந்து வந்திருப்பாள். ஆனால் அவள் பெயரும் அட்டையில் ஏறினால் மாதாமாதம் குடும்பத்தின் மொத்த நேரக் கணக்கும் அவள் போனுக்கும் போகும். என் பத்து மணி நேரம் அவள் கண்ணில் படும். அதை மட்டும்தான் யோசித்தேன். அவளுக்கு வயதாகுமே என்றோ, வீட்டில் அப்பாவை யார் பார்ப்பது என்றோகூட யோசிக்கவில்லை. அப்படி ஏதாவது யோசித்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஆகும். ‘மறுப்பு’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு டீயை வாங்கிக் குடித்தேன். அன்றைக்குச் சாயங்காலமும் பெட்டிக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன்.

அவள் வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கிளறவில்லை.

ஜெசிந்தாவிடமிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். சிக்னலில் நின்றதைத் தவிர வேறு தாமதம் இல்லை. பூங்கொடி கூடத்தில் உட்கார்ந்து புதுப் பட்டுக்கான ரவிக்கையில் ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“ஆரோடதுங்க இது?”

“என்னோடதுதான்.”

மறுபடி முதலிலிருந்து படித்தாள். பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பறந்திருந்தால் தேவலை. தாளை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எப்பங்க போனீங்க? வேலை முடிஞ்சா நேரா வந்துருவீங்களே.”

“வர்ற வழியிலதான். தினமும் இருபது நிமிஷம்.”

“சிக்னல்னு சொன்னீங்களே?”

“சிக்னல் இல்லை.”

ஊசியை ரவிக்கையில் குத்தி, பக்கத்தில் வைத்தாள்.

“ஆறரைக்குத்தானுங்க மாமாவுக்குத் துணி மாத்துவேன். ஒருக்களிச்சுப் பிடிக்க ஒரு கை வேணும். நீங்க வந்துருவீங்க வந்துருவீங்கன்னு வாசலைப் பாத்துட்டே ஒத்தைக் கையில மாத்திப் போடுவேன். என் தோள்பட்டை இறங்கினது அப்பிடித்தான்.”

“தெரியும்” என்றேன். தெரியாது. தோள்பட்டை வலிக்கு அவள் தைலம் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன், எதனால் என்று கேட்டதில்லை.

“என்னைவிட நாலு வயசு மூத்தவருன்னுதானுங்க உங்களுக்குக் கட்டிக் குடுத்தாங்க. இப்பப் பத்து வயசு மூத்தவரா ஆயிட்டீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “உங்களுக்கு அப்புறம் நான் ஒருத்தி தனியா இருக்கோணும். அந்த அஞ்சாறு வருஷத்தை நீங்க முன்னாலயே போய்த் தனியா இருந்து தீத்துட்டீங்க. என்கூட இருக்க வேண்டிய வருஷமுங்க அது. எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டீங்க.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன், அந்த வார்த்தை அந்த இடத்தில் அசிங்கமாகத் தெரிந்தது. அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள், மகளைக் கூப்பிடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி ரவிக்கையைக் கையில் எடுத்தாள்.

“ஒண்ணே ஒண்ணுக்காகத்தானுங்க உங்களைச் சும்மா விடறேன்.”

நிமிர்ந்து பார்த்தேன்.

“நானும் ஒருக்கா கேட்டேனே, ஞாபகம் இருக்குதுங்களா? மாமா படுத்து அஞ்சு வருஷம் இருக்கும். உங்கள் கணவர் மறுத்துவிட்டார்னு போன்ல வந்துச்சு. அன்னிக்குப் பூரா எனக்கு அப்பிடி ஒரு ஆங்காரம். சோத்துல விஷத்தை வெச்சுக் குடுத்துரலாமான்னுகூட நெனைச்சேன். அப்புறம் ராத்திரி படுத்துட்டு யோசிச்சுப் பாத்தேன். இந்த மனுஷன் தான் போனாலும் போவாரு, தன் உடம்பு தேஞ்சாலும் தேயட்டும்னு இருப்பாரு, இவளுக்கு ஒரு மணி நேரம்கூட வயசாகக் கூடாதுன்னு நெனைச்சிருக்காரு, அதை வாயில சொல்லத் தெரியலைன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் நாலு வருஷம் மாமாவுக்குப் பண்ணினேன் பாருங்க, அந்த ஒரு நெனைப்புலதானுங்க பண்ணினேன்.”

ஊக்கின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அப்பிடித்தானுங்களே?”

அவள் என் முகத்தையே பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அந்த நாலு வருஷமும் அவளுக்கு வெறும் நாலு வருஷமாகப் போயிருக்கும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று இப்போது சமாதானம் செய்துகொள்ளப் பார்க்கிறேன். உண்மையில் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

“ஆமா” என்றேன்.

“அது போதுங்க” என்றாள். தாளை நான்காக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். கோயிலில் ஆகாது என்றால் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம், எனக்குக் காலண்டர் அறுபது போதும், மிருதுளாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊக்கை எடுத்தாள். எனக்குக் காப்பி வேண்டுமா என்றும் கேட்டாள்.

அன்றிலிருந்து நான் பெட்டிக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து மெதுவாக அவளிடம் சொன்னேன்.

“பூங்கொடி, இப்ப நீ போய்ட்டு வாயேன். தினமும் ஒரு மணி நேரம் போ. நான் ஒப்புதல் குடுத்தர்றேன்.”

“இனி எனக்கெதுக்குங்க? நீங்க அத்தனை கவலைப்பட்டுக் காப்பாத்தி வெச்ச வயசு. நான் போய் அதைக் கரைக்கட்டுமா?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அவளை எப்படி அனுப்புவது? இரண்டு தரம் முயன்றேன், இரண்டு தரமும் அதே சிரிப்பு. நான் ஒரு தரம் பொத்தானை அமுக்கி மறுத்தது போக, இப்போது வாயைத் திறக்காமலே தினமும் அவளுக்கு மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. கலசத் தண்ணீர் ஊற்றினார்கள், மாலை மாற்றினோம், புதுத் தாலி கட்டினேன். கட்டும்போது முடிச்சு இரண்டு தரம் நழுவியது. முட்டி வலியோடு மணையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததால் இருக்கும் என்று மிருதுளா ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு என் கணக்கு தெரியும், அம்மா சொல்லிவிட்டாள். அம்மா சொன்ன மாதிரிதான் அவளுக்குத் தெரியும்.

சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் மணையைச் சுற்றி உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். பூங்கொடியின் நாக்கு நீளம் என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள்தான் பாதிப் பேர். அதில் ஒருத்தி, என் சித்தப்பா மகள் திலகம், அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, எங்களையெல்லாம் பாருங்க, பெட்டிக்குப் போய்ப் போய்ச் சருகாயிட்டோம். நீங்க மட்டும் அப்பிடியே இருக்கறீங்க.”

பூங்கொடி இதற்காகவே காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

“நான் எங்கம்மா போனேன்? ஒருக்கா கேட்டதுக்கு உங்கண்ணன் விடலையே. தான் போய்த் தேஞ்சாரு, அஞ்சு வருஷத்தை வேணும்னா அவரு தொலைச்சாரு, எனக்கு ஒரு மணி நேரம்கூட வயசாக விடலை. வாயத் தொறந்து சொன்னாரா? அதுவுமில்லை. பேசாம வேண்டாம்னு போட்டுட்டாரு. நாந்தான் புரிஞ்சுக்கிட்டேன்.”

பெண்கள் எல்லாரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்க வீட்டிலும் ஒண்ணு இருக்குதே என்று யாரோ சொன்னார்கள். திலகம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“நெசமாவாண்ணா? இத்தனை நாள் எங்களுக்கெல்லாம் தெரியாமப் போச்சே.”

மண்டபத்தில் அத்தனை பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார்கள். பூங்கொடியும் பார்த்தாள், கழுத்தில் புதுத் தாலியோடு. அவள் முகத்தில் சந்தேகம் துளிகூட இல்லை.

“ஆமாம்மா” என்றேன்.

அதற்கு மேல் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டோ எடுக்கிற தம்பி எதிரில் வந்து நின்று, தலையைக் கொஞ்சம் தூக்குங்க ஐயா, முகம் விழலை என்றான். சரி என்றேன். தூக்க வரவில்லை. இன்னொரு தரம் சொன்னான். புது மாப்பிள்ளைகூட இப்படிக் குனிய மாட்டான் என்று யாரோ சொல்ல, மண்டபம் முழுக்கச் சிரித்தது.

பூங்கொடி தானும் சிரித்துக்கொண்டே, இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தூக்கி விட்டாள்.